அறுபதாம்படி ஏறினவர்

அண்டாவுக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த கண்ணாத்தாள், வேலுசாமி சொன்னதைக் கேட்டதும் நிமிர்ந்தாள். பாதி எரிந்த கட்டை கையில் அப்படியே இருந்தது.

"இன்னொருக்கா சொல்லுங்க."

வேலுசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புருஷனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆகாதவன் இல்லை, கோழை, அவ்வளவுதான். மாட்டுக் கட்டுத்தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தண்ணி வாக்க வேண்டாமுன்னு பெரியவரு சொல்றாருங்க. பாயோட சுருட்டிக் கட்டி, வெயில் ஏர்றதுக்குள்ள காட்டுக்குக் கொண்டுபோயிரலாமுன்னு."

"எதுனாலயாம்?"

"அதான் உங்களுக்கே தெரியுமுங்களே."

தெரியும். தெரியாமல் என்ன? இந்த ஊரில் செத்தவருக்குத் தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைத்துத் தண்ணீர் வார்க்காமல் அனுப்பியதாகக் கண்ணாத்தாள் கேள்விப்பட்டதே இல்லை. கள்ளுக்கடை வாசலில் விழுந்து செத்தவனுக்கு வார்த்தார்கள். கன்றுகுட்டி திருடிவிட்டு ஜெயிலுக்குப் போய்ப் பிணமாக வந்தவனுக்கு, போன வருஷம், இதே பெரியவர், சென்னிமலைக் கவுண்டர், முன்னால் நின்று வார்த்தார். கூடப் பிறந்த தம்பிக்கு, கண்ணாத்தாள் புருஷன் அர்த்தநாரிக்கு மட்டும் கிடையாதாம். வாழ்நாளில் ஒருத்தர் வரப்பை ஒரு சாண் வெட்டாத மனுஷனைப் பாயோடு சுருட்டி எடுத்துப்போக வேண்டுமாம்.

"தண்ணி காஞ்சிருச்சுன்னு போயிச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் கட்டையை அடுப்பில் இன்னும் உள்ளே தள்ளினாள்.

வேலுசாமி போகாமல் அங்கேயே நின்றான். அவனுக்கு அந்தப் பக்கமும் பயம், இந்தப் பக்கமும் பயம்.

உள்ளே ஆசாரக் கூடத்தில் அர்த்தநாரி தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் விளக்கு. மகள் பெரியநாயகி அவர் கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடியக்காலம் கோழி கூப்பிடுகையில் மூச்சு நின்றதிலிருந்து அவள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் என்று இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சண்முகவேல் ராசிபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, வாசல் வேம்படியில் இரண்டு உறவுக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார். துக்கத்துக்கு வந்தவர் என்றுதான் பெயர். எதைப் பார்த்துக்கொண்டு போக வந்தார் என்பது கண்ணாத்தாளுக்குத் தெரியாதா? செத்தவருக்கு இந்த ஊர் தண்ணீர் வார்க்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான். வார்த்தால் அவர் யோக்கியன், அவர் பெண் யோக்கியமான வீட்டுப் பெண். வார்க்காவிட்டால் அர்த்தநாரி பொய்ச் சத்தியம் பண்ணிச் செத்தவர். அந்தப் பேர் அவரோடு சுடுகாட்டுக்குப் போகாது. இங்கேயே, இந்தப் பெண் தலையில் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் எங்கே தொடங்கியது என்று யாராவது கேட்டால் கண்ணாத்தாள் விரலை நீட்டிக் காட்டுவாள். அதோ, சென்னிமலைக் கவுண்டர் கிணறு. நாலு வருஷத்துக்கு முன்னால், மேட்டூரில் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலம், அந்தக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற உத்திரம் இற்றுப்போய்விட்டது. மாற்றுவதற்குத் தம்பியைக் கூப்பிட்டார். தம்பியும் தன் காட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். மரம் உருண்டது. அர்த்தநாரி கீழே இருந்த குறுக்குக் கட்டைமேல் இரண்டு பக்கமும் கால் விரிய விழுந்தார். வெளியே ஒரு கீறல் இல்லை. சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். பொழுது சாய்ந்ததும் நீர் பிரியவில்லை. மறுநாள் வயிறு கல்லாகிவிட்டது.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். உள்ளே நீர் போகிற வழி கிழிந்து, ஆறும்போது சுருங்கிப் போய்விட்டதாம். இனிமேல் ஆயுசுக்கும் ரப்பர் குழாய் வழியாகத்தான் நீர் போக வேண்டும். மாதம் ஒரு தரம் சேலத்துக்குப் போய்க் குழாய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். நடுவில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டபோது, அங்கே காயம் கட்டுகிற டிரஸ்ஸர், கூடப் போயிருந்த நாவிதர் கந்தவேலுக்குச் சொல்லிக் கொடுத்தார். குழாயை எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது, எந்த எண்ணெய் தடவுவது, எப்படி நோகாமல் ஏற்றுவது என்று எல்லாம். கந்தவேல் கை அவ்வளவு பதமான கை. இதை வெளியே ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது என்று அர்த்தநாரி கேட்டுக்கொண்டார். ஆண்பிள்ளை. வெட்கப்பட்டார். கந்தவேலும் சொல்லவில்லை, கண்ணாத்தாளும் சொல்லவில்லை. அந்த வெட்கம்தான் கடைசியில் அவருக்குக் குழி வெட்டியது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யார் கண்டது?

மூன்றாம் வருஷம் அந்த இடத்துத் தோல் வீங்க ஆரம்பித்தது. முதலில் தடித்தது, பிறகு சொரசொரத்தது, பிறகு மரு மாதிரி சின்னச் சின்னதாக முளைத்தது. அவரைக்கொட்டை அளவில் நாலைந்து, அப்புறம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக. வலி இல்லை. அர்த்தநாரி அதை மூன்று மாதம் மறைத்து வைத்திருந்தார். கண்ணாத்தாள் ஒரு நாள் குழாயைச் சுத்தம் பண்ணும்போது பார்த்துவிட்டாள்.

"இது என்னங்க?"

இரண்டே வார்த்தை. அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் கேட்ட குரல் சரியில்லை. அந்தக் குரலை அவரும் கேட்டுவிட்டார். வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனார். அந்த மாதம் சேலம் போகும்போது, "நீயும் வா. டாக்டரு வாயாலயே கேட்டுக்க," என்று கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் பருத்த மனிதர். அவசரப்படாமல் பேசினார். "இது மேக வியாதி இல்லம்மா. பொம்பளைகிட்டப் போயி வர்றதில்ல. யாருக்கும் தொத்தாது. வாய்க்கால் அடைச்சா வயல்ல தண்ணி தேங்குதில்ல, அந்த மாதிரி இவருக்கு அந்த எடத்துல நீர் எறங்காம தோலுக்குள்ளயே தேங்கிப் போச்சு. அதுக்கு மேல கொழாய் நாள்பூரா ஒரசுது. மாட்டுக் கழுத்துல நொகத்தடி ஒரசி காப்புக் காய்க்குமே, அதேதான். வெறும் தோல் வளர்ச்சி. புத்துநோய் இல்ல, உசுருக்கு ஒண்ணும் ஆகாது. வேணுமுன்னா வெயில் காலம் போகட்டும், அறுத்து எடுத்துரலாம்."

வெளியே வந்து மோட்டார் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கண்ணாத்தாளுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் நிலக்கடலை வாங்கி உரித்து, பருப்பை அவள் கையில் வைத்தார்.

இந்தப் பங்குனி மாதம் அர்த்தநாரி கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது காற்று வேட்டியைத் தூக்கிவிட்டது. சென்னிமலைக் கவுண்டர் கரைமேல் நின்றார், பார்த்துவிட்டார். பார்த்தவர் கேட்டிருக்கலாம். "என்னடா தம்பி இது?" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. தானாகவே எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டார். மாதா மாதம் தம்பி சேலம் போகிறான். என்ன வேலை என்று கேட்டால் ஆஸ்பத்திரி என்கிறான். என்ன நோவு என்றால் சொல்ல மாட்டேன் என்கிறான். இப்போது தெரிந்துபோயிற்று. சேலத்தில் எவளோ ஒருத்தியை வைத்திருக்கிறான், அவள் கொடுத்த சீக்கு இது. இப்படியாக, குழாய் மாற்றப் போன போக்கெல்லாம் கூத்தியாள் வீட்டுக்குப் போன போக்காகிவிட்டது. இந்தப் புத்திக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது?

அர்த்தநாரி டாக்டரிடம் கடுதாசி எழுதி வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஊர்க்கூட்டத்தில் படித்துச் சொன்னார், தொற்று நோய் அல்ல என்று. சென்னிமலைக் கவுண்டர் வாயைக் கோணினார். "இங்கிலீசுல என்ன வேணாலும் எழுதிக் குடுப்பான். அதெல்லாம் எனக்கு வேண்டாம். திருச்செங்கோட்டு மலையில அறுபதாம்படியில வந்து கப்பூரம் அணைக்கச் சொல்லு. அப்ப நம்பறேன். இல்லீனா ராசிபுரத்துக்காரருக்கு நானே ஆளு அனுப்பறேன். நாளைக்கு அவிய ஊட்டுல எதாச்சும் ஆச்சுன்னா பழி என்ற தலையில வரக் கூடாது."

அந்தப் படியில் நின்று பொய் சொன்னவன் தப்ப மாட்டான் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வரப்புச் சண்டையிலிருந்து பாகப் பிரிவினை வரைக்கும் அங்கே போய்த்தான் முடியும். கோர்ட்டில் வாய் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அங்கே ஏறப் பயப்படுவான். அர்த்தநாரிக்குப் பயம் இல்லை. நடக்கத்தான் முடியாது. வீங்கின இடம் தொடையில் உரசி, காட்டுக்கும் வீட்டுக்கும் நடப்பதே பெரும்பாடு. அன்றைக்கு அவர் கண்ணாத்தாளைப் பார்த்தார்.

"போயிட்டு வந்துருங்க," என்றாள் அவள். "புள்ளைக்காக."

"நீ சொன்னாச் செரி," என்றார்.

சித்திரை வெயில். கல்லில் கால் வைக்க முடியவில்லை. குழாய் வாயைக் கட்டிக் கோவணத்துக்குள் செருகியிருந்தது. வழக்கமாக ஒரு நாழிகைக்கு ஒரு தரம் அவிழ்த்துவிடுவார். சுற்றிலும் பங்காளிகள் இருபது பேர் ஏறுகிறார்கள், எங்கே ஒதுங்குவது? கேட்கவும் வெட்கம். பின்னால் ஏறிக்கொண்டிருந்த கண்ணாத்தாள் வேட்டியில் சிவப்பைப் பார்த்தாள். மேல்துண்டை எடுத்துக் கொடுத்தாள், அவர் இடுப்பில் கட்டிக்கொண்டார். அறுபதாம்படியில் கற்பூரம் எரிந்தது. "என்ற பொண்டாட்டியத் தவிர இன்னொரு பொம்பளயத் தொட்டதில்ல. இது சத்தியம்," என்று சொல்லிவிட்டு உள்ளங்கையால் அமுக்கி அணைத்தார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். எங்கே முடிந்தது? இறங்கி வந்ததும் சென்னிமலைக் கவுண்டர் புதிதாக ஒன்று சொன்னார். எட்டு நாள் கெடுவாம். எட்டு நாளைக்கு ஊரைத் தாண்டக் கூடாதாம், மருந்து மாத்திரை தொடக் கூடாதாம். மருந்து சாப்பிட்டால் சாமி காட்டுவது தெரியாமல் போய்விடுமாம். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் அந்தப் படியில் கற்பூரம் அணைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு கட்டுப்பாட்டை ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. கூட இருந்த பெரியவர்கள் கேட்டார்களா? தலையை ஆட்டினார்கள். மழை என்று சொன்னாலும் வெயில் என்று சொன்னாலும் ஆட்டுகிற தலைகள்.

அன்று சாயங்காலமே குளிர் நடுக்கம் வந்துவிட்டது. மறுநாள் காய்ச்சல் அனலாக அடித்தது. குழாயில் நீர் சொட்டுச் சொட்டாக, அதுவும் மோர் மாதிரி கலங்கி வந்தது. மூன்றாம் நாள் கண்ணாத்தாள் மூத்தார் சென்னிமலைக் கவுண்டர் வீட்டுக்குப் போய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாள். வண்டி வேண்டும், மோட்டார் ஏற்றிச் சேலம் கொண்டுபோக வேண்டும் என்று அவர் பெண்சாதியிடம் சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து அவர் குரல் நன்றாகவே கேட்டது. "மாடு நோவுல கெடக்குதுன்னு சொல்லு. இன்னி அஞ்சு நாளு பொறுக்க முடியாதா?" வேறு யாரிடம் வண்டி கேட்டாலும் அவரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் கந்தவேல் பின்பக்கமாக வந்தான். புதுக் குழாயைக் கொதிக்க வைத்து எடுத்து வந்திருந்தான். பழையதை எடுத்தான், புதியது ஏறவில்லை. மறுபடி பழையதையே அலசி வைத்தான். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள சீழ் வெச்சிருச்சுங்க ஆத்தா. ஆசுபத்திரிக்குத்தானுங்க போகோணும். நடந்தாச்சும் தூக்கிட்டுப் போயரலாமுங்க, கட்டிலோட," என்றான்.

அர்த்தநாரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "வேண்டாம். மூணு நாளுதான. நின்னுருவோம்," என்றார்.

நின்றார். எட்டாம் நாள் விடியக்காலம் வரைக்கும் நின்றார். ஒரே ஒரு பொழுதுதான் பாக்கி.

"பெரியவரு கூப்புடறாருங்க," என்று வேலுசாமி மறுபடி வந்து நின்றான். "பாய் கொண்டாந்துட்டாங்க."

கண்ணாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். வாசலில் ஐம்பது பேர் இருப்பார்கள். நடுவில் நாற்காலியில் சென்னிமலைக் கவுண்டர். பக்கத்தில் புதுப் பாயும் கயிறும் கிடந்தன. அவளுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மூத்தார் முன்னால் ஒரு நாள் நேருக்கு நேர் நின்றதில்லை, கதவுக்குப் பின்னால் இருந்துதான் பேச்சு. இன்றைக்கு அவருக்கு எட்டடி முன்னால் போய் நின்றாள்.

"மாமா, உங்க தம்பிக்கு எதுனால தண்ணி வாக்கக் கூடாது? என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பெரியவர்கள் பக்கம் திரும்பி, "பொம்பள நடுவாசல்ல நின்னு பேசற அளவுக்கு வந்துருச்சு," என்றார்.

"ஆமாங்க. அவரு இருந்தவரைக்கும் நான் பேசுல. இப்ப அவருக்கு வாயில்ல. நாந்தான் பேசோணும்."

"எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான். பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டு எட்டு நாளு தாங்குல. சாமி காட்டிருச்சு. அந்த ஒடம்பத் தொட்டுத் தண்ணி வாத்தா சீக்கு வாக்கறவன் கையில ஒட்டும். புள்ள குட்டி இருக்கற ஊரு."

ஓரமாக நின்றிருந்த கந்தவேல் இரண்டடி முன்னால் வந்தான். "ஒட்டறதா இருந்தா மொதல்ல எனக்குத்தானுங்க ஒட்டியிருக்கோணும். நாலு வருசமா இந்தக் கையாலதானுங்க—"

"உன்னைய யார்றா கேட்டா? போயி மோளக்காரங்க வந்துட்டாங்களான்னு பாரு."

கந்தவேல் போகவில்லை. அங்கேயே நின்றான்.

"அவன்தான் சொல்லக் கூடாது, நான் சொல்லலாமுங்களே," என்றாள் கண்ணாத்தாள். "நாலு வருசமாத் தொட்டுத் தொடச்சவ நானு. என்ற ஒடம்புல எதாச்சும் இருக்குதான்னு பாக்கோணுமா? இந்தூருப் பொம்பளைக நாலு பேரு உள்ள வரட்டும், சீலைய அவுத்துக் காட்டறேன். அப்பறமாச்சும் நம்புவீங்களா?"

ஒரு கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வேம்படியில் நின்றிருந்த சண்முகவேல் செருப்பை மாட்டிக்கொண்டார். கூட வந்தவர்கள் மாட்டை வண்டியில் பூட்டினார்கள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டு, உள்ளேயிருந்து பெரியநாயகி வாசற்படிக்கு வந்து பார்த்தாள். எதற்காக அர்த்தநாரி மலை ஏறினாரோ அது அதோ வண்டியில் போகிறது.

"போறவிய போகட்டும்மா," என்றாள் பெரியநாயகி. "நீ அப்பனுக்குப் பேசு."

பெண் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் கண்ணாத்தாளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. இனி இழக்க என்ன இருக்கிறது?

"சாமி காட்டுச்சுங்கறீங்களே மாமா, சாமி இதுல எங்க வந்துச்சு? அவரு உளுந்தது உங்க கெணத்துக் கட்டையில. நடக்க முடியாதவர வெயில்ல ஏத்துனது நீங்க. எட்டு நாளு மருந்து வேண்டாமுன்னது நீங்க. நல்ல மாட்ட நோவு மாடுன்னு சொன்னது நீங்க, என்ற காதால கேட்டேன். ஏறுங்கன்னு சொன்னதுல எனக்கும் பங்கு இருக்குது. இல்லீங்கல. அந்தப் பாவத்த சாகற வரைக்கும் நான் சொமந்துக்கறேன். உங்க பங்கையும் கொண்டாந்து சாமி தலையில வெக்காதீங்க."

"என்னளவுல நான் ஊருக்கு நல்லதத்தான் பண்ணுனேன்," என்றார் சென்னிமலைக் கவுண்டர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "என்ற தம்பி செத்ததுல எனக்குச் சந்தோசமா?"

"அப்பச் சரி. நாயகி, கப்பூரம் கொண்டா சாமி."

பெரியநாயகி கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் கொண்டு வந்தாள். கண்ணாத்தாள் துணி துவைக்கிற கல்மேல் வைத்து ஏற்றினாள். வெயிலில் நெருப்பு சரியாகத் தெரியவில்லை, புகைதான் தெரிந்தது.

"இதையே அறுபதாம்படின்னு வெச்சுக்கங்க. தம்பி பொய்ச் சத்தியம் பண்ணித்தான் செத்தான்னு சொல்லிப்போட்டு அணைங்க. அணைச்சீங்கன்னா நானே அவரப் பாயில சுருட்டிக் குடுக்கறேன். ஆனா எட்டு நாளுங்க. எட்டு நாளும் நீங்களும் ஊரத் தாண்டக் கூடாது. மூச்சிழுப்புக்குக் குடிக்கறீங்களே கசாயம், அதத் தொடக் கூடாது. சாமி காட்டறது தெரியோணுமல்ல."

சென்னிமலைக் கவுண்டர் எழுந்தார். கல்லருகே வந்தார். வலது கையை நீட்டினார். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கை கற்பூரத்துக்கு ஒரு முழம் மேலே நின்றது. அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடி நீட்டினார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. அவர் அந்தப் படியை நம்புகிறவர். நம்பாதவராக இருந்தால் சுலபமாக அணைத்துவிட்டுப் போயிருப்பார். நம்புகிறவர் என்பதனால்தானே தம்பியை ஏற்றினார். இப்போது அதே நம்பிக்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டது. தம்பி பொய் சொல்லவில்லை என்று அவருக்கு எப்போது தெரிந்தது? அந்தக் கிணற்றுக் கரையிலேயே தெரியுமோ? கண்ணாத்தாளுக்கு அது கடைசிவரை தெரியப்போவதில்லை.

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வேலுசாமி," என்றாள் கண்ணாத்தாள், "பலகை அங்க கெடக்குது, எடுத்தாங்க."

இந்தத் தடவை வேலுசாமி யாரையும் பார்க்கவில்லை. பலகையை எடுத்து வந்து வாசல் நடுவில் போட்டான். நாலு பேர் உள்ளே போய் அர்த்தநாரியைத் தூக்கி வந்தார்கள். நாலு பேர் வேட்டியைப் பிடித்துச் சுற்றிலும் மறைப்புக் கட்டி நின்றார்கள். கந்தவேல் மண்டியிட்டு, உயிரோடு இருப்பவருக்குச் செய்கிற மாதிரியே மெல்ல மெல்லக் குழாயை உருவினான். அதை வாழை இலையில் சுருட்டி ஓரமாக வைத்தான். பெரியநாயகி எண்ணெயும் அரப்பும் கொண்டு வந்து அப்பன் தலையில் மும்முறை வைத்துவிட்டுப் போனாள். பொம்பளைகள் மறைப்புக்குள் நிற்கக் கூடாது என்று யாரோ வெளியே முணுமுணுத்தார்கள். கண்ணாத்தாள் நகரவில்லை. அவளை நகரச் சொல்ல அன்றைக்கு அந்த ஊரில் ஆள் இல்லை.

தண்ணீர் வார்க்கிற முதல் உரிமை கூடப் பிறந்தவனுக்கு. அவள் சொம்பைச் சென்னிமலைக் கவுண்டரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

முதல் சொம்பைத் தலையில் ஊற்றினார். அடுத்ததைத் தோளில். அடுத்ததை நெஞ்சில். அரப்பு பச்சையாகக் கரைந்து பலகை ஓரத்தில் இறங்கியது. அவர் முகத்தைத் திருப்பி வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே ஊற்றினார். மறுபடியும் தலையிலேயே ஊற்றினார். மறுபடியும் தோளிலேயே.

"கீழயும் ஊத்துங்க, மாமா," என்றாள் கண்ணாத்தாள்.

அவர் நின்றார். வேலியிலிருந்து கண்ணை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே பார்த்தார். சொரசொரத்த தோலும் கொத்து மருவும், கோவணம் இறுகின தழும்பும்தான் இருந்தன. வேட்டியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சென்னிமலைக் கவுண்டர் கையிலிருந்த சொம்பை அங்கே ஊற்றிவிட்டு, மறுபடி அண்டாவில் முக்கினார். அண்டாவில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.